மூடாத வால்வும் மடங்காத கணுக்காலும்: போறணையடியில் நின்ற ஒருவரின் ஆறாத காற்புண்

வலிகாமத்திலுள்ள பேக்கரி ஒன்றில் நீண்ட காலமாகப் போறணை வேலை பார்த்துவரும் 54 வயதுடைய ஒருவர், இடது காலின் உட்பக்கக் கணுவுக்குச் சற்று மேலே 14 மாதங்களாக ஆறாமலிருந்த புண்ணுக்காக வந்திருந்தார். இதை எழுதுவதற்கு அவர் சம்மதித்திருக்கிறார். ஆளை இனங்காட்டக்கூடிய விபரங்கள் மாற்றப்பட்டுள்ளன. அந்த இடத்தில் வரும் நாட்பட்ட புண் யாழ்ப்பாணத்து வைத்தியர் எவருக்கும் புதியதல்ல. ஆயினும் இவருடைய காலில், கீழிருந்து இதயத்துக்குக் குருதி திரும்பும் ஒழுங்கில் இரண்டு வெவ்வேறு பழுதுகள் இருந்தன. ஒன்றை எவரும் கண்ணால் காணலாம். மற்றதைத் தேட வைத்தது நோயாளி பேச்சுவாக்கில் சொன்ன ஒரு விடயம்.

நோயின் வரலாறு

மாலையில் மாக் குழைக்கத் தொடங்கி, விடியற்காலையில் பாண் வண்டிகள் புறப்படும்வரை அவர் நின்றபடியே வேலை செய்கிறார். குழைக்கும் மேசைக்கும் போறணை வாய்க்கும் இடையில் நான்கு எட்டுத் தூரம்கூட இல்லை. ஏறத்தாழப் பத்து மணி நேரம் வெக்கையில் நிற்கிறார், ஆனால் நடப்பதில்லை. இடது காலில் நரம்பு (பேச்சில் அப்படிச் சொல்வது நாளத்தை, அதாவது குருதியை இதயத்துக்குத் திருப்பும் குழாயை) புடைத்துச் சுருண்டிருப்பது பல வருடங்களாகவே அவருக்குத் தெரியும். வலி இல்லாதபடியால் அதைப் பொருட்படுத்தவில்லை. தகரத் தட்டின் விளிம்பு உரசிய ஒரு சிறு கீறல்தான் பின்னர் புண்ணாக விரிந்தது.

இடையில் செய்யப்பட்ட வைத்தியங்கள் பல. அன்ரிபயற்றிக் மாத்திரைகள் நான்கு தடவை கொடுக்கப்பட்டிருந்தன. கூட்டாளி ஒருவர் சொன்னதைக் கேட்டு, அதே கப்சியூல்களை உடைத்துத் தூளைப் புண்ணின்மேல் தூவியும் வந்தார். புண்ணைக் கிளறும் கிரந்திச் சாப்பாடு என்று நண்டு, இறால், கத்தரிக்காய் எல்லாவற்றையும் நிறுத்தி, பிறகு மீனையும் முட்டையையும்கூட நிறுத்தி, புண் ஆறுவதற்கு மிகவும் வேண்டிய புரதத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டார். சலரோகப் புண் என்று ஒருவரும், யானைக்காலின் தொடக்கம் என்று மற்றொருவரும், இருதயம் பலவீனப்பட்டால்தான் கால் வீங்கும் என்று உறவினர் ஒருவரும் சொல்லியிருந்தார்கள். யானைக்கால் நோய் இலங்கையில் மேல், தென், வடமேல் மாகாணங்களிலேயே நிலைகொண்டிருந்தது. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் அது இந்நாட்டில் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லாதொழிந்துவிட்டது என்று உறுதிப்படுத்தியது. வடக்கை விட்டு வெளியே வாழ்ந்திராத ஒருவரின் ஒற்றைக்கால் வீக்கத்துக்கு அந்தப் பெயரை முதலில் எடுக்க வேண்டியதில்லை.

ஸ்கான் ஒன்றும் எடுக்கப்பட்டிருந்தது. 'ஆழ்நாளங்களில் குருதிக் கட்டி இல்லை' என்பதே அதன் முடிவு. அது சரியான முடிவுதான். ஆனால் நோயாளியைப் படுக்க வைத்து எடுத்த ஸ்கான் அது. கட்டி இருக்கிறதா என்ற கேள்விக்கு மட்டுமே அது பதில் சொல்லும். அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நரம்பில் குறையில்லை என்று சொல்லிவிட்டார்கள் என அவர் எட்டு மாதங்கள் ஆறுதலாக இருந்துவிட்டார்.

எழும்பிப் போகும் வேளையில் அவர் சொன்னது இது: "டொக்டர், நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு எடுத்துக்கொண்டு ஒவ்வொரு நாளும் பின்னேரம் நடந்துதான் போய் வந்தனான். அந்த நாளுகளிலை கால் இவ்வளவு கனக்கேல்லை. போறணையடியிலை நிண்டால்தான் கனக்குது." திருவிழா 25 நாட்கள் நடக்கும். வேலை நாட்களைவிடக் கூடுதலாகக் காலைப் பாவித்த அந்த நாட்களில் கால் இலேசாக இருந்திருக்கிறது. இதயமோ, காலுக்குக் குருதி கொண்டுவரும் நாடியோ பழுதென்றால் இப்படி நடக்காது. நடக்க நடக்கக் கஷ்டம் கூடியிருக்கும்.

பரிசோதனையில் கண்டவை

இரவு வேலை முடித்து நேரே வரும்படி கேட்டிருந்தோம். கணுவைச் சுற்றியுள்ள தோல் கருங்கபிலமாகி இறுகியிருந்தது. கெண்டைக்கால் வீங்கியும் அதற்குக் கீழ்ப்பகுதி ஒடுங்கியும், கவிழ்த்து வைத்த சோடாப் போத்தலின் வடிவில் கால் இருந்தது. புண் 5.2 சென்ரிமீற்றர் நீளமும் 3.8 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது, ஆழமற்றது, விளிம்பு ஒழுங்கற்றது. தூள் தூவிய பக்கம் முழுவதும் தோல் சிவந்து, பொரிந்து, சொறிந்த அடையாளத்துடன் இருந்தது. அது புண்ணின் குணமல்ல, மருந்தின் ஒவ்வாமை.

பாதத்தில் இரண்டு நாடித்துடிப்புகளும் நன்றாகப் பட்டன. கையில் குருதியின் மேலமுக்கம் 132, கணுக்காலில் 138 மில்லிமீற்றர் இரசம், விகிதம் 1.05. இந்த விகிதம் 0.8 இற்குக் குறைந்திருந்தால், இத்தகைய புண்ணுக்குச் சிகிச்சையாகக் காலை இறுக்கிக் கட்டுவது பாதத்துக்கே ஆபத்தாக முடியும். ஆகவே கட்டுப்போடுவதற்கு முன்னர் இதை அளக்காமல் விடக்கூடாது. வெறுவயிற்றுச் சீனி 98, சலரோகம் இல்லை. கழுத்து நாளம் 45 பாகைச் சாய்வில் உயர்ந்திருக்கவில்லை, மூச்சுத்திணறல் இல்லை, வலது கால் வீங்கவில்லை. உறவினர் பயந்த இருதய பலவீனத்துக்கு இவற்றில் ஒன்றுமே இடம் கொடுக்கவில்லை.

அதன்பின் செய்த பரிசோதனைக்கு விரல்களைத் தவிர எதுவும் தேவையில்லை. அவருடைய முன்கையில் தெளிவாகத் தெரிந்த நாளம் ஒன்றை மணிக்கட்டுப் பக்கமாக ஒரு விரலால் அழுத்தி, மற்ற விரலால் குருதியை முழங்கைப் பக்கமாக வழித்துவிட்டு, மேல் விரலை எடுத்தோம். வழித்த துண்டு தட்டையாகவே கிடந்தது; மேலே முட்டிக்கொண்டு நின்ற குருதி ஒரு வால்வைத் தாண்டிக் கீழே வரவில்லை. ஆங்கிலேய வைத்தியர் வில்லியம் ஹார்வி 1628 இல், குருதி ஒரே திசையில் சுற்றிவருகிறது என்று நிறுவியபோது காட்டிய செய்முறை ஏறத்தாழ இதுதான். நாளங்களின் வால்வுகளை 1603 இல் படங்களுடன் விபரித்தவர் இத்தாலியின் பாதுவாவில் அவருக்குக் கற்பித்த பப்ரீசியஸ். வால்வுகளைக் கண்ணால் கண்ட ஆசிரியர், அவை குருதியின் வேகத்தைத் தணிப்பதற்கானவை என்று கருதினார். குருதி திரும்பிப் பாயாதபடி அவை மூடுகின்றன என்ற முடிவுக்கு மாணவரே வந்தார்.

அதே செய்முறையை, அவரை எழுந்து நிற்கச் சொல்லி, இடது கெண்டைக்காலின் உட்பக்கத்தில் புடைத்திருந்த நாளத்தில் செய்தபோது, மேல் விரலை எடுத்த கணத்திலேயே துண்டு முழுவதும் மேலிருந்து நிரம்பியது. கீழ் விரல் இன்னும் அழுத்தியபடிதான் இருந்தது. நோயாளியே குனிந்து அதைப் பார்த்துவிட்டு, "அப்ப இது கீழை எல்லோ போகுது" என்றார்.

குருதி திரும்பும் விதம்

ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லீற்றர் குருதியை வெளியேற்றுகிறது. அதே 5 லீற்றர் இதயத்தின் வலச் சோணையறைக்குத் திரும்பி வந்தால்தான் அடுத்த நிமிடத்துக்கு வெளியேற்றக் குருதி இருக்கும். பெருநாடியில் சராசரியாக 95 மில்லிமீற்றர் இரச அளவில் இருக்கும் அமுக்கம், மயிர்க்குழாய்களைக் கடந்து நாளத்துக்குள் நுழையும்போது 15 அளவுக்கு இறங்கிவிடுகிறது. வலச் சோணையறையில் அது 0 இற்கும் 5 இற்கும் இடையில் இருக்கும். எஞ்சிய அந்தச் சிறு வேறுபாட்டைக்கொண்டே குருதி திரும்புகிறது. படுத்திருப்பவருக்கு அது தாராளமாகப் போதும், ஏனென்றால் நாளங்கள் அகலமானவை, தடை குறைந்தவை.

நிற்பவருக்கு என்ன நடக்கிறது? புவியீர்ப்பை எதிர்த்துக் குருதி மேலே ஏற வேண்டியிருக்கிறது என்று பாடசாலையிலிருந்தே சொல்லித் தருகிறார்கள். இந்த விளக்கம் பாதியளவில்தான் சரி. சுற்றோட்டம் மூடிய சுற்று. நாளத்தில் கீழ்நோக்கி அழுத்தும் அதே உயரத்துக் குருதி நிரல் நாடியிலும் கீழ்நோக்கி அழுத்துகிறது. இரண்டு பக்கமும் ஒரே அளவு கூடுவதால், ஓட்டத்தைத் தள்ளும் வேறுபாடு அப்படியே இருக்கிறது. நாளங்கள் விறைப்பான குழாய்களாக இருந்திருந்தால் நிற்பதால் பெரிய சிக்கல் எதுவும் வந்திராது. சிக்கல் வருவது அவை விரிந்து கொடுப்பதால். உடலிலுள்ள குருதியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எப்பொழுதும் நாளங்களிலும் நுண்நாளங்களிலும்தான் இருக்கிறது. எழுந்து நின்றதும் 500 தொடக்கம் 800 மில்லிலீற்றர் வரை கால்களிலும் கீழ்வயிற்றிலும் தேங்குகிறது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அசையாமல் நிற்கும் பிள்ளை வெயிலில் மயங்கி விழுவது இதனால்தான்.

கணக்கைப் பார்க்கலாம். வலச் சோணையறையிலிருந்து கணுக்கால்வரை ஏறத்தாழ 120 சென்ரிமீற்றர். குருதியின் அடர்த்தி நீரைவிடச் சற்றே கூட, 1.06. இந்த உயர நிரலின் அமுக்கம் 93 மில்லிமீற்றர் இரசத்துக்குச் சற்று மேல் வருகிறது. அசையாமல் நிற்கும் எந்த மனிதருக்கும், வால்வுகள் நன்றாக இருந்தாலும்கூட, கணுக்கால் நாளத்தில் ஏறக்குறைய 90 அளவு அமுக்கம் இருக்கிறது. வால்வுகள் திறந்தபடி இருக்க, நிரல் தொடர்ச்சியாக நிற்கிறது. ஆகவே நிற்கும் நேரத்தைப் பொறுத்தவரை, நோயாளிக்கும் சுகதேகிக்கும் அதிக வித்தியாசமில்லை. வித்தியாசம் அடி எடுத்து வைத்தவுடனே தொடங்குகிறது.

கெண்டைக்காலுக்குள் இருக்கும் சோலியஸ் தசையில் குருதி தேங்கும் அகன்ற பைகள் உண்டு. குதி உயரும்போது அத்தசை சுருங்கி, இறுக்கமான உறைக்குள் அமுக்கத்தை 200 இற்கும் மேலே உயர்த்தி, அங்குள்ள குருதியில் பாதிக்கு மேற்பட்டதைத் தொடைப் பக்கம் தள்ளிவிடுகிறது. தசை தளரும்போது மேலே போன குருதி திரும்பாதபடி வால்வுகள் மூடுகின்றன. வெறுமையான ஆழ்நாளங்களுக்குள், தோலுக்குக் கீழேயுள்ள மேலோட்ட நாளங்களின் குருதி இணைப்பு நாளங்கள் வழியாக நுழைகிறது. பாதத்தின் அடியிலுள்ள நாள வலையும் உடற்பாரம் படும் ஒவ்வொரு முறையும் மேலே பிழிந்துவிடப்படுகிறது. பத்து அடி நடந்ததும் கணுக்கால் நாள அமுக்கம் 90 இலிருந்து 20 தொடக்கம் 30 வரை இறங்குகிறது. நின்றுவிட்டால், நாடி வழியாக வரும் குருதி அதை மீண்டும் நிரப்ப 20 விநாடிகளுக்கு மேல் எடுக்கும். வால்வு பழுதான காலில் அமுக்கம் அவ்வளவுக்கு இறங்குவதுமில்லை, இறங்கியதும் சில விநாடிகளில் மேலிருந்து நிரம்பிவிடுகிறது. என் பார்வையில், கெண்டைத் தசையின் முதன்மையான வேலை குருதியைத் தூக்குவது என்பதைவிடக் கணுக்காலின் அமுக்கத்தை அடிக்கடி இறக்கிவிடுவது என்று சொல்வதே பொருந்தும். நாளெல்லாம் இறங்காத அந்த அமுக்கம்தான் மயிர்க்குழாய்களிலிருந்து நீரையும் புரதத்தையும் செங்குழியங்களையும் வெளியே கசிய வைக்கிறது. சிதைந்த செங்குழியங்களின் இரும்பு தோலைக் கபிலமாக்குகிறது. கொழுப்புப் படை இறுகுகிறது. பிறகு ஒரு தட்டின் விளிம்பு போதும்.

தொடைக்கு மேலே கதை மாறுகிறது. பெருநாளங்களில் வால்வுகள் இல்லை. அங்கே மூச்சே துணை. மூச்சை உள்ளே இழுக்கும்போது நெஞ்சறைக்குள் அமுக்கம் மேலும் குறைய, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் பிரிமென்றகடு கீழிறங்கி வயிற்றை அமுக்க, கீழ்ப் பெருநாளத்திலுள்ள குருதி நெஞ்சுக்குள் போகிறது. படுத்திருப்பவரின் தொடையிடுக்கில் டொப்ளர் கருவியை வைத்தால் இதைக் காதாலேயே கேட்கலாம்: மூச்சு உள்ளே போகையில் வயிற்றின் அமுக்கம் கூடுவதால் காலிலிருந்து வரும் ஓட்டத்தின் ஓசை அடங்கி, மூச்சு வெளியேறுகையில் மறுபடியும் எழும்பும். இவரிடம் அந்த ஏற்ற இறக்கம் நன்றாகக் கேட்டது. இடுப்புக்கு மேலே அடைப்பு இல்லை என்பதற்கு அது ஓரளவு சான்று. இடது காலில் மட்டும் வீக்கம் வரும்போது இதைக் கவனிப்பது அவசியம், ஏனெனில் இடது பக்க இடுப்பு நாளம் வலது பக்க இடுப்பு நாடிக்குப் பின்னால் செல்கிறது. சிலரில் அந்த நாடியே அதை நெரித்துவிடும்.

இரண்டாவது பழுது

நின்ற நிலையில் மறுபடியும் ஸ்கான் எடுக்கப்பட்டது. தொடையிடுக்கில் ஆழ்நாளத்துடன் சேரும் நீண்ட சபீனஸ் நாளம் அங்கே 9 மில்லிமீற்றர் விரிந்திருந்தது. கெண்டைக்காலைக் கையால் பிழிந்து விட்டபின், குருதி 3 விநாடிகளுக்கு மேல் கீழ்நோக்கிப் பாய்ந்தது. அரை விநாடிக்கு மேற்பட்டாலே அது பின்னோட்டம் எனக் கொள்ளப்படுகிறது. ஆழ்நாளங்களின் வால்வுகள் சரியாக மூடின. இத்துடன் நிறுத்தியிருந்தால், புண்ணுக்கான காரணம் முழுவதும் கிடைத்துவிட்டது என்றுதான் எழுதியிருப்போம்.

ஆனால் திருவிழா பற்றிய பேச்சு மனதில் கிடந்தது. நடந்தால் குறைகிறதென்றால், அந்தத் தசைப்பம்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். மேசையைப் பிடித்தபடி குதியை உயர்த்தி இறக்கச் சொன்னோம். வலது காலில் 22 தடவை செய்தார். இடது காலில் நான்கு. அதுவும் குதி நிலத்தை விட்டு இரண்டு விரற்கடைக்கு மேல் எழவில்லை. பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொன்னபோது வலது பாதம் 18 பாகை மடங்கியது. இடது பாதம் செங்கோணத்தில் நின்றுவிட்டது. பல வருடங்களுக்கு முன்னர் மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து கணு உடைந்து, ஆறு வாரம் மாக்கட்டுப் போட்டிருந்ததாக அப்போதுதான் சொன்னார். முறிவு பொருந்தியபின் அந்த மூட்டுக்கு எவரும் பயிற்சி கொடுக்கவில்லை. கணு மடங்காவிட்டால் கெண்டைத் தசை நீளவும் முடியாது, முழுதாகச் சுருங்கவும் முடியாது. வால்வு ஒரு பக்கம் கசிய, அந்தக் கசிவை ஈடுசெய்திருக்க வேண்டிய பம்பும் பாதி விசையில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிற்கும் இடமோ, அந்தப் பாதி விசைக்கும் வேலை தராத இடம்; போதாக்குறைக்குப் போறணை வெக்கை தோலின் நாளங்களை இன்னும் விரித்துவிடும்.

சிகிச்சையும் தொடர்ச்சியும்

அன்ரிபயற்றிக் முற்றாக நிறுத்தப்பட்டது, தூளும்தான். சுத்தமான நீரால் கழுவி, ஒட்டாத சாதாரணத் துணி வைத்து, கால்விரல் அடியிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை பல படைகளாக அழுத்தக் கட்டுப் போடப்பட்டது. கணுவில் ஏறத்தாழ 40 மில்லிமீற்றர் இரசம், மேலே போகப் போகக் குறைவாக. இதற்கு இழுவிசையை மாற்ற வேண்டியதில்லை. ஒரே இழுவையில் சுற்றினாலும், சுற்றளவு குறைந்த கணுவில் அமுக்கம் கூடவும் பருத்த கெண்டையில் குறையவும் செய்யும். அவர் முன்னர் கடையில் வாங்கிக் கெண்டைக்காலில் மட்டும் இறுக்கிக் கட்டியிருந்த இழுபடும் பட்டி, இதற்கு நேரெதிராகக் கீழுள்ள குருதியை மறித்துத்தான் இருந்திருக்கும். அதிகம் நீளாத வகைக் கட்டையே தெரிவுசெய்தோம். தசை சுருங்கும்போது அது விட்டுக்கொடுக்காமல் எதிர்த்து நிற்பதால், எஞ்சியிருக்கும் தசைவிசை வீணாகாது.

மீனும் முட்டையும் திரும்பவும் சாப்பிடச் சம்மதிக்க வைப்பதுதான் கட்டுப்போடுவதைவிடக் கடினமாக இருந்தது. அவருடைய தாயாருடன் பேசிய பிறகே அது நடந்தது. கட்டிலின் கால்மாட்டுப் பக்கம் இரண்டு சீமெந்துக் கல் வைத்து உயர்த்தினார்கள். கணுப் பயிற்சியை இயன்மருத்துவர் ஒருவர் கற்றுக்கொடுத்தார்: துவாயைப் பாதத்தில் போட்டு இழுப்பது, பிறகு மேசையைப் பிடித்துக் குதி உயர்த்துவது. தட்டுகள் போறணைக்குள் இருக்கும் நேரத்தில் முற்றத்தில் நடக்க முதலாளி அனுமதித்தார்.

நான்கு வாரத்தில் புண் 4.1 இற்கு 2.9 சென்ரிமீற்றராகச் சுருங்கியது. 12 ஆம் வாரத்தில் 1.5 இற்கு 1. 19 ஆம் வாரத்தில் மூடியது. கசியும் சபீனஸ் நாளத்துக்கான சிகிச்சை, முறை வருவதற்குச் சுணங்கியதால், புண் மூடிய பிறகே நடந்தது. முன்னரே நடந்திருந்தால் நல்லது. பிரித்தானியாவில் 450 பேரில் செய்யப்பட்டு 2018 இல் வெளியான எவ்ரா ஆய்வில், நாளத்தை உள்ளிருந்தே அடைக்கும் சிகிச்சையை உடனே பெற்றவர்களில் பாதிப் பேருக்குப் புண் ஆற எடுத்த காலம் 56 நாட்கள், பிற்போடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 82. ஆனாலும் புண் மூடிவிட்டதே, இனி எதற்கு என்று அதை விட்டுவிடவும் கூடாது. 2004 இல் வெளியான எஸ்கார் ஆய்வில், கட்டு மட்டும் பெற்றவர்களில் 28 வீதமானோருக்கு ஒரு வருடத்துக்குள் புண் திரும்பியது. அத்துடன் மேலோட்ட நாளத்துக்கு அறுவைச்சிகிச்சையும் பெற்றவர்களில் அது 12 வீதம்.

இப்போது இடது பாதம் செங்கோணத்தைத் தாண்டி 8 பாகை மடங்குகிறது. குதியை 15 தடவை உயர்த்துகிறார். மூட்டின் உள்ளேயே தழும்பு இருப்பதால் இதற்கு மேல் அதிகம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆகவே சபீனஸ் நாளம் அடைக்கப்பட்ட பின்னும் அழுத்தக் காலுறை அவருக்கு வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை புதிய சோடியும் வேண்டும். போறணையடியில் அதைப் போட்டுக்கொண்டு நிற்க முடியாது என்று முதலில் மறுத்தார். விரல்கள் திறந்திருக்கும் வகை ஒன்றைக் கொடுத்தபின், வேலைக்குப் போகும் முன்னர், கால் வீங்கத் தொடங்காத பின்னேரத்தில், படுத்தபடியே போட்டுக்கொள்கிறார்.